கைப்பிடி அரிசி

மெஞ்ஞானபுரம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. கடைசி சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை, காசநோய்க்கான 6 மாத மாத்திரையும் முடிந்தது என்று போனில் சொன்னதும் நீ அழுதுவிட்டாய். மீதியைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் 2 மாதம் நான் பட்டது உனக்கு முழுதாகத் தெரியாது. நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, தினமும் மூன்று. விழுங்கினால் மத்தியானம் வரை குமட்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போக, இரத்தம் என்று நடுங்கிவிட்டேன். மருந்தின் நிறம்தான் அது என்று நர்ஸம்மா சொன்ன பிறகே உயிர் வந்தது. எடை 41 கிலோ. அப்பா இறந்த அன்றுகூட நான் ஜெபத்தை விட்டதில்லை. அந்த 2 மாதத்தில் விட்டவள்தான் ராசா, பிறகும் தொடங்கவில்லை. முழங்காற்படியிட்டால் ஒரு வார்த்தை வராது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் நம் அடுப்படியில் பொங்கிப் போட்டாள். சத்துணவுக்கென்று அரசாங்கம் வங்கியில் போட்ட மாதம் 1000 ரூபாயில் முட்டையும் கடலையும் வாங்கி வந்ததும் அவள்தான். நான் முகக்கவசத்தோடு திண்ணையில் கிடப்பேன்.

போன வாரம்தான் நானே உலை வைத்தேன். கர்த்தருக்கென்று கைப்பிடி அரிசி போடும் டப்பா நினைவிருக்கிறதா? காலியாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். கழுத்து வரை அரிசி! பெரியம்மாவிடம் கேட்டேன். "நீ தினமும் போடுவதைப் பார்த்திருக்கிறேனே. நீ படுத்துவிட்டாய் என்று உன் சாமிக்குள்ளதை நிறுத்தலாமா?" என்றாள். செவ்வாய் தவறாமல் அம்மன் கோவிலுக்குப் போகிறவள்!

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் வாய்மூடிக் கிடந்த நாளெல்லாம் என் பேரில் நன்றி போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒரு சமாரியன் என்று லூக்கா 17-இல் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! அந்த ஒருவன் ஏன் அந்நியனாக இருந்தான் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அன்று ராத்திரி ஜெபம் வந்தது. அவள் பேரைச் சொல்லித்தான் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அரிசியை நம் சபைக் கோவிலில் படைத்தோம். டப்பாவை அவள்தான் வாசல் வரை தூக்கி வந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது, நின்று நின்றுதான் நடந்தேன். எடை இப்போது 46, கவலைப்படாதே.

லீவில் வரும்போது பெரியம்மாவுக்கு ஒரு சேலை எடுத்து வா. பச்சை என்றால் அவளுக்கு உயிர்.

அம்மா