ஆண்டறிக்கை: இந்த ஆண்டின் பெரிய புழு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, தூண்டில் சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கூட்டங்கள் தவறாமல் நடந்தன, வழக்கம்போலத் தாமதமாகத்தான் தொடங்கின. இந்த ஆண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒரே விஷயம்தான் உண்டு: தூண்டிலில் இரையாக மாட்டும் 10, 12 அங்குல நீளமுள்ள பிளாஸ்டிக் புழுக்கள்.

1949இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் தம்பதியர் மென்மையான பிளாஸ்டிக்கில் புழு வார்க்கத் தொடங்கினார்கள். அதன் வழி வந்த 6 அங்குலப் புழுவிலேயே நம்மில் பலர் பழகிவிட்டோம். அதற்கு மீன் அடிக்கடி கடிக்கும். பெரிய புழுவுக்குக் கடி குறைவு. ஆனால் நாம் தேடும் லார்ஜ்மவுத் பாஸ் என்ற அகன்ற வாய் கொண்ட நன்னீர் மீன் பருத்துவிட்டால், வீணாக ஓடி அலைய விரும்பாது. பக்கத்தில் வரும் ஒரே பெரிய இரை அதற்கு லாபம். சின்ன மீனும் வாலைக் கவ்வி இழுக்கும்தான், அதைக் கடி என்று நம்பி ஏமாறாமலிருக்கப் பழக வேண்டும்.

முட்டையிடும் பருவம் முடிந்து, மீன்கள் ஆழத்துச் சரிவுகளுக்கு நகரும் கோடைதான் இதற்கு நல்ல காலம். டெக்சஸ் முறையில் தூண்டில் முள்ளின் முனையைப் புழுவின் உடலுக்குள் மறைத்து, முன்னால் தோட்டா வடிவ எடை போட்டு, தூண்டில் கோலைப் பக்கவாட்டில் நகர்த்தித் தரையோடு இழுக்க வேண்டும். கட்டையிலோ கல்லிலோ தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். கடி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வரும். கலங்கிய நீரிலும் இரவிலும் கறுப்பு, அடர் ஊதா நிறங்கள் எடுப்பாகத் தெரியும்.

கடித்த மீன்கள் பல நழுவிப் போனதாகப் புகார் வந்தது. புழுவை மாற்றியவர்கள் முள்ளை மாற்றவில்லை, அதுதான் காரணம். தடித்த புழு சின்ன முள்ளின் வளைவை அடைத்துவிடும், முனை தாடையைத் தொடவே தொடாது. 5/0 அல்லது 6/0 அளவுள்ள பெரிய முள், விறைப்பான கோல், 15 முதல் 20 பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்பு வேண்டும். மீன் கடித்த பிறகு எவ்வளவு நேரம் விட்டு இழுப்பது என்பதில் சங்கம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. என் கட்சி இது: நரம்பின் தொய்வை எடுத்து, கனம் தெரிந்ததும் வீசி இழுத்துவிடுங்கள். பாஸ் தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி எடுக்கும். காத்திருந்தால் முள் தொண்டைக்குள் போய்விடும். மிகப் பெரியவை பெரும்பாலும் பெண் மீன்கள், அவற்றை இரு கையாலும் தாங்கிப் பிடித்து உயிரோடு விடுவதே நமக்கு நல்லது.

சரி, பெட்டி விவகாரம். வேறு வேறு வகைப் பிளாஸ்டிக் புழுக்களை ஒன்றாகப் போட்டதில் சங்கப் பெட்டியில் இருந்தவை உருகி ஒரே கட்டியாகிவிட்டன. போட்டது யார் என்று செயற்குழு விசாரிக்கவில்லை. இனி அதனதன் உறையிலேயே இருக்கட்டும். கிழிந்த புழுவைத் தண்ணீரில் எறியவும் வேண்டாம். மீன் விழுங்கினால் அது செரிக்காது.

நம் போட்டியில் 5 மீன்களின் மொத்த எடைக்கு மட்டுமே பரிசு இருப்பதால், நாளெல்லாம் பெரிய புழு போடுபவருக்கு வாய்ப்பு குறைகிறது. எனவே தனி ஒரு மீனின் அதிக எடைக்கும் பரிசு வைக்க வேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழு சார்பில் முன்வைக்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் வாக்கெடுப்புக்கு முன் பேசலாம்.

செயலாளர்