‘ஏ.என்.ஏ. நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். வெயிலில் போய்வந்தால் முகமும் கையும் தடித்துச் சிவப்பதை வேலூரில் ‘சூடு’ என்று விட்டுவிடுகிறோம். அதோடு மூட்டுவலியோ, கண்ணும் வாயும் உலர்வதோ சேர்ந்தால் டாக்டர் ஏ.என்.ஏ. பரிசோதனை எழுதுவார்; சொந்த உடலையே தாக்கும் ஆன்டிபாடிகள் (எதிர்ப்புரதங்கள்) ரத்தத்தில் உள்ளனவா என்று பார்க்கும் சோதனை அது. அந்த ரிப்போர்ட் சில சமயம் ‘நெகட்டிவ்’ என்ற ஒரே சொல்லோடு வருகிறது. அது போதாது.

தோலையும் மூட்டையும் பாதிக்கும் லூபஸ், கண்ணையும் வாயையும் உலர்த்தும் ஷோகிரன் போன்ற நோய்களில் உடல் தன் புரதங்களையே தாக்குகிறது. அவற்றில் பல, டி.என்.ஏ. போன்ற மூலக்கூறான ஆர்.என்.ஏ.வைப் பிடித்திருக்கும் புரதங்கள்: ரோ-60, லா, எஸ்.எம்., ஜோ-1. ஸ்லைடில் உள்ள ஹெப்-2 என்ற மனிதச் செல்கள் மேல் நம் ரத்தச் சீரத்தை விட்டு, ஆன்டிபாடி ஒட்டிய இடம் ஒளிர்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே இந்தப் பரிசோதனை. அந்தச் செல்களில் ரோ-60 குறைவு; ஸ்லைடை ஆல்கஹாலில் பதப்படுத்தும்போது இன்னும் கொஞ்சம் கரைந்துபோகும். ரத்தத்தில் ரோ ஆன்டிபாடி இருந்தும் ஒளிர்வு தெரியாமல் போவது இதனால்தான். ஜோ-1 இருப்பது உட்கருவுக்கு வெளியே. உட்கருவை மட்டும் பார்த்து ‘நெகட்டிவ்’ என்று எழுதினால், தசையோடு நுரையீரலையும் கெடுக்கும் நோய் ஒன்று தப்பிவிடும்.

‘பாசிட்டிவ்’ என்ற சொல்லும் தனியாக உதவாது. ரத்தச் சீரத்தை 40 மடங்கு நீர்த்துப் பார்க்கும் 1:40 நீர்ப்பில் ஆரோக்கியமானவர்களிலேயே 100க்கு சுமார் 30 பேருக்கு பாசிட்டிவ் வரும். 1:160இல் சுமார் 5 பேருக்குத்தான். எனவே நீர்ப்பளவு, ஒளிர்வின் வடிவம், உட்கருவுக்கு வெளியே தெரிந்தது, சோதனை முறை ஆகிய நான்கையும் ஆய்வகங்கள் அச்சிட வேண்டும். அறிகுறி தெளிவாக இருந்தால், ஏ.என்.ஏ. நெகட்டிவ் என்றாலும் ரோ, லா போன்ற ஒவ்வொரு ஆன்டிபாடியையும் தனியாகத் தேடும் ஈ.என்.ஏ. பட்டைச் சோதனையைக் கேளுங்கள். அதில் ரோ-52, ரோ-60 இரண்டும் தனித்தனியாக வரட்டும். ரோ-52 வேறு புரதம், அது ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பதில்லை.

கருத்தரிக்கப் போகும் பெண்களுக்கு இது மிக முக்கியம். ரோ ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அப்படிப்பட்ட கர்ப்பங்களில் 100க்கு 1 அல்லது 2இல், பெரும்பாலும் 18 முதல் 24 வாரத்துக்குள், குழந்தையின் இதயத்தில் துடிப்பை இயக்கும் மின்கடத்தல் தடைப்படும். முழுத் தடை வந்துவிட்டால் திரும்பச் சரியாகாது. பலருக்கு பேஸ்மேக்கர் தேவைப்படும். முந்தைய குழந்தைக்கு வந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தில் இந்த ஆபத்து 100க்கு சுமார் 16 ஆகக் கூடும். 10ஆம் வாரத்துக்குள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை தொடங்கினால் அந்த ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. தாய்க்கு ஒரு தொந்தரவும் இல்லாமலேயே இந்த ஆன்டிபாடி இருக்கலாம் என்பதுதான் கவலை. ரோ பாசிட்டிவ் ரிப்போர்ட் கையில் இருந்தால், முதல் செக்கப்பிலேயே மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள்.

— வாசகர், காட்பாடி