தேயிலை விற்ற ஊரிலிருந்து

அன்புள்ள செல்வம்,

நான் கிளம்புவதற்கு முதல் நாள்தான் உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குள் நடமாடுகிறாய் என்பதில் பெரிய நிம்மதி. மாடிப்படி ஏறுகிறேன் பார் என்று வீம்பு பண்ணாதே.

இப்போது ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில் இருக்கிறேன். துறைமுக ஊர் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு, உனக்குத் தெரியாததா. 1621-ல் உருவான நகரம். சதுப்பு நிலத்தில் ஊர் எழுப்ப டச்சுக்காரர்களை வரவழைத்திருக்கிறார்கள்; அவர்கள் வழக்கம்போலக் கால்வாய் வெட்டிவிட்டார்கள். அதில் தட்டையான படகில் சுற்றிக் காட்டுகிறார்கள். ஒரு பாலம் ரொம்பத் தாழ்வு, எல்லோரும் இருக்கையை விட்டு இறங்கிக் குந்த வேண்டும். உன் முழங்காலுக்கு ஆகாது.

கால்வாய்க் கரையில் நகர அருங்காட்சியகம். அந்தக் கட்டடம் ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய அலுவலகமும் கிடங்கும். ஆமாம், இவர்களுக்கும் ஒரு கம்பெனி இருந்தது, 1731 முதல் 1813 வரை. சீனத் துறைமுகமான கேன்டனிலிருந்து தேயிலை, பீங்கான், பட்டு. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தேயிலையில் பெரும்பகுதியை இவர்கள் குடிக்கவே இல்லை. வாங்கி மறுபடி வெளியே விற்றார்கள். அதில் நிறைய பிரிட்டனுக்குள் கள்ளத்தனமாகப் போனது. அங்கே தேயிலை வரி அவ்வளவு. 1784-ல் பிரிட்டன் வரியைக் குறைத்ததும் இவர்கள் வியாபாரம் படுத்துவிட்டது. இன்றும் இங்கே எல்லாம் காபிதான். டீ கேட்டால் வெந்நீரும் ஒரு பொட்டலமும் தருகிறார்கள்.

அவர்களின் ஒரு கப்பல், ஊரின் பெயரையே கொண்டது. 1745-ல் கேன்டனிலிருந்து திரும்பி, வழிகாட்டி மாலுமியும் ஏறிய பிறகு, துறைமுக வாசலில் எல்லோருக்கும் தெரிந்த பாறையில் மோதி மூழ்கியது. ஒருவரும் சாகவில்லை. சரக்கில் மூன்றில் ஒரு பங்கை மீட்டு விற்றதிலேயே பயணத்துக்கு லாபம் வந்ததாம்! எப்படி மோதியது என்று இன்றும் சந்தேகம் கிளப்புகிறார்கள். அதே மாதிரி ஒரு கப்பல் கட்டி 2005-ல் சீனாவுக்கு ஓட்டிப் போய், 2007-ல் பத்திரமாகத் திரும்பியிருக்கிறார்கள். இந்த முறை பாறையில் ஏற்றவில்லை.

இனி உனக்கான செய்தி. இந்தக் கம்பெனியின் இன்னொரு கப்பல் 1733-ல் நேராக உங்கள் பக்கம், பரங்கிப்பேட்டைக்கு வந்திருக்கிறது. கரையில் பண்டகசாலை போட்டார்கள். சென்னை இங்கிலீஷ்காரர்களும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களும், எப்போதும் முட்டிக்கொள்கிறவர்கள், இதற்கு மட்டும் கைகோத்து வந்து பண்டகசாலையைப் பிடித்துச் சரக்கையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் இவர்கள் பெரும்பாலும் கேன்டனோடு நிறுத்திக்கொண்டார்கள். எத்தனை தடவை அந்தக் கடற்கரைக்குப் போயிருக்கிறோம், ஒருத்தராவது இதைச் சொன்னார்களா? போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் பேச்சோடு சரி.

கால் சரியானதும் ஒரு நடை போய்ப் பார்த்து எழுது. அந்தப் பண்டகசாலை எங்கே இருந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் யாருக்காவது தெரிகிறதா என்று விசாரி. சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போகாதே, கார் வைத்துக்கொள்.

நாளை மறுநாள் ரயிலில் கோபன்ஹேகன். தரங்கம்பாடிக் கோட்டையைக் கட்டியவர்கள் ஊர். அடுத்த கடிதம் அங்கிருந்து.

அன்புடன்,
ராமு