கடையில் வாங்கியது எப்படி வீண் பொருள் ஆகும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மாவட்டப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நடந்த 'வீண் பொருளில் கலைப்பொருள்' போட்டியின் படத்தைப் போட்டிருந்தீர்கள். ஐஸ் குச்சி வீடு, தெர்மாகோல் கோபுரம், வளையல் தோரணம், எல்லாம் புத்தம் புதிதாக மின்னின. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளியிலும் இதே போட்டி நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஸ்டேஷனரி கடைக்குப் போனால், யாரும் ஐஸ் சாப்பிடாத குச்சியைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர் குச்சி, ஜிகினா, பசை, தெர்மாகோல் என்று 350 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பரிசு அப்படிச் செய்கிறவர்களுக்குத்தானே கிடைக்கிறது.

என் மகள் கடையில் எதுவும் வாங்கவில்லை. உடைந்த மேசையின் இழுப்பறை ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதன் முதுகில் தாத்தாவின் வால்வு ரேடியோவில் இருந்து கழற்றிய, ஊர்ப்பெயர்கள் அச்சடித்த கண்ணாடியைப் பொருத்தினாள். கீழே சாவி தொலைந்த ஒரு திண்டுக்கல் பூட்டு, பக்கத்துத் தெருவில் இடித்த வீட்டின் வாசலில் கிடந்த தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் துண்டு ஒன்று, அவ்வளவுதான். அந்தக் கல்லின் ஒரு மூலை மட்டும் கால் பட்டுப் பட்டு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது, அந்த மூலை வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே மூன்று முறை பிரித்துப் பிரித்து வைத்தாள். நடுவர் பார்த்துவிட்டு, "அழுக்காக இருக்கிறதே, பெயின்ட் அடித்திருக்கலாமே" என்றாராம். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

பெயின்ட் அடித்தால் அது எந்த வீட்டுக் கல் என்பதே போய்விடும். பழைய பொருளை வைத்துச் செய்வதில் இருக்கிற அழகே அது ஏற்கெனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது என்பதுதான். பிக்காசோ 1942-இல் ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். பார்த்தால் காளையும் தெரியும், சைக்கிளும் தெரியும், இரண்டில் எது மறைந்தாலும் ஒன்றுமில்லாமல் போய்விடும். கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்து வேலை செய்த சிற்பி எல் அனட்சுய், மது பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கிச் செம்புக் கம்பியால் கோத்துச் சுவர் அகலத்துக்குத் துணி போலத் தொங்கவிடுகிறார், கிட்டே போனால் மூடியில் இருக்கும் சரக்கின் பெயரைக்கூடப் படிக்கலாம்.

நம் நாட்டில் நேக் சந்த் இருந்தார். பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர், சண்டிகரில் பொதுப்பணித் துறைச் சாலை ஆய்வாளர். புது நகரம் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் இடிபாடுகளைப் பொறுக்கி, வேலை முடிந்ததும் சைக்கிளில் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து, 1950-களின் கடைசியில் தொடங்கிப் பல வருடம் யாருக்கும் தெரியாமல் சிலை செய்துகொண்டிருந்தார். அரசு நிலம் என்பதால் இடித்திருக்க வேண்டியது, ஆனால் 1976-இல் பாறைத் தோட்டம் என்று திறந்தேவிட்டார்கள். உடைந்த கண்ணாடி வளையலையே உடுத்தியது போல நிற்கும் பெண் உருவங்கள், பீங்கான் தட்டுத் துண்டு, சுவிட்ச் சாக்கெட் என்று எதையும் அவர் மறைக்கவில்லை. 1984-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

எங்கள் காரைக்குடிப் பக்கம் பழைய வீடு இடிந்தால் தேக்குத் தூணும் நிலைக்கதவும் நல்ல விலைக்குப் போய்விடும். கீல், கொண்டி, வண்ணக் கண்ணாடிச் சில், தேய்ந்த கல் எல்லாம் காயலான் கடைக்கோ குப்பைக்கோதான். பன்னிரண்டு வருடமாக அதைப் பொறுக்கித்தான் நானும் சின்னச் சின்னதாகச் செய்கிறேன். செலவு என்று பார்த்தால் கட்டுக்கம்பியும் எம்-சீல் பசையும்தான். இரும்பை மரத்தில் வெறும் ஃபெவிக்காலால் ஒட்டினால் நிற்காது, துளை போட்டுக் கம்பியால் கட்ட வேண்டும். துருவை முழுக்கச் சுரண்ட வேண்டாம், உதிர்வதை மட்டும் பிரஷால் தட்டிவிட்டு மேலே வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் நிறம் அப்படியே இருக்கும். ஆனால் பிள்ளைகள் செய்யும்போது கூட இருங்கள். பழைய பெயின்ட் அடித்த மரத்தை அவர்கள் உப்புத்தாளில் தேய்க்கக் கூடாது, அதில் ஈயம் இருக்கலாம். டியூப்லைட், பேட்டரி, ஆஸ்பெஸ்டாஸ் துண்டு பக்கமே போக வேண்டாம்.

போட்டி நடத்தும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒட்டுவதற்கும் கட்டுவதற்கும் தவிர வேறு எதையும் விலைக்கு வாங்கக் கூடாது என்று விதி போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பொருளும் எங்கே கிடைத்தது, அதற்கு முன்னால் என்னவாக இருந்தது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படி ஒரு படம் போடும்போது, பிள்ளை சொன்ன அந்த விவரத்தையும் படத்தின் கீழே இரண்டு வரி சேர்த்துப் போட முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி