கதவைத் திறந்து இறங்கப்போகும் ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டுநர்களே,

நான் குற்ற வழக்குகளில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் ஆஜராகும் வழக்கறிஞர். சாலையில் சண்டை போட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியம் அநேகமாக ஒன்றுதான்: "தப்பு அவன் மேலதான் சார்." பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். இண்டிகேட்டர் போடாமல் திரும்பியது அவன்தான், இடித்ததும் அவன்தான். ஆனால் எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருப்பது இவர். ஏன் இப்படி ஆகிறது என்பதை, நீங்கள் என்னைத் தேடி வரவேண்டிய நிலைமை வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் காரின் டேஷ்கேம் பதிவைக் கொண்டுவந்தார். தன்னைக் காப்பாற்றப்போவதே அதுதான் என்று உறுதியாக நம்பினார். போட்டுப் பார்த்தோம். இடது பக்கமிருந்து ஒரு கார் சட்டென்று உள்ளே நுழைகிறது, இவர் பிரேக் அடிக்கிறார், உரசுகிறது. அதுவரைக்கும் எல்லாம் இவர் பக்கம். அப்புறம் கதவு திறக்கும் சத்தம். படம் அசையாமல் நிற்க, ஹஸார்டு விளக்கின் டிக், டிக் மட்டும் கேட்கிறது. இவர் வேகமாக முன்னால் நடந்து போகிறார். அந்தக் காரிலிருந்து ஒருவர் செல்போனும் கையுமாக இறங்குகிறார், ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். ஒரே அடி. கதவு திறந்ததிலிருந்து அடி விழுந்தது வரை 14 விநாடி. அரசுத் தரப்புக்கு அதற்கு மேல் ஒரு சாட்சியும் தேவைப்படவில்லை.

அந்த மனிதருக்கு முன்பல் ஒன்று உடைந்துவிட்டது. "ஒரு பல்லுதானே சார்" என்றார் இவர். இந்தியச் சட்டத்தில் அது வெறும் பல் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்திலும் சரி, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சரி, எலும்போ பல்லோ முறிந்தால் அது கொடுங்காயம். வேண்டுமென்றே ஏற்படுத்தியிருந்தால் 7 ஆண்டு வரை சிறை.

நடந்ததை நீங்கள் ஒரே சம்பவமாகப் பார்க்கிறீர்கள். அவன் குறுக்கே வந்தான், அதனால் நான் அடித்தேன் என்று ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். சட்டம் அதை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கும். கார் உரசியது வரை ஒரு விவகாரம்: போக்குவரத்து விதி, இன்ஷூரன்ஸ், அதிகம் போனால் அபராதம். நீங்கள் இறங்கியதற்குப் பிறகு நடந்தது முற்றிலும் வேறொரு விவகாரம், அதில் எதிரி நீங்கள். முதல் விவகாரத்தில் உங்கள் பக்கம் இருந்த நியாயம் இரண்டாவதுக்குள் உங்களோடு வராது. தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கை வைத்தால்தான் குற்றம் என்றும் நினைக்காதீர்கள். அடுத்தவர் போகமுடியாதபடி உங்கள் வண்டியைக் குறுக்கே நிறுத்தினாலே இந்தியாவில் அது ஒருவரை முறையின்றித் தடுத்த குற்றம். "உன்னைக் கொன்னுடுவேன்டா" என்று கத்துவதும் மிரட்டல் வழக்காகலாம். கொலை மிரட்டலுக்கு 7 ஆண்டு வரை தண்டனை சொல்கிறது சட்டம். ஜெர்மனியில் நடுவிரலைக் காட்டியதற்கே அவமதிப்புக் குற்றத்தில் அபராதம் கட்டியவர்கள் உண்டு. முன்னால் போகிறவரை விடாமல் ஒட்டி விரட்டினால் அங்கே அது வற்புறுத்தல் குற்றம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியையே ஆள்மேல் ஏற்ற வந்தால் எந்த நாட்டு நீதிமன்றமும் அதை விபத்து என்று பார்க்காது. அப்போது கார் ஓர் ஆயுதம், வழக்கு கொலை முயற்சி வரை போகும்.

எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது அந்த ஒற்றைக் குத்துக்குத்தான். அடிக்கிற கைக்கு எதிரில் நிற்கிறவரின் வயது தெரியாது, அவர் இதயம் எப்படி இருக்கிறது என்று தெரியாது, பின்னால் தரையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. 1988 டிசம்பர் 27 அன்று பஞ்சாபின் பாட்டியாலாவில் சாலையில் ஒரு வாக்குவாதம். அப்போது கிரிக்கெட் வீரராக இருந்த நவ்ஜோத் சிங் சித்துவுக்கு வயது 25. எதிரில் இருந்தவருக்கு 65. தலையில் கையால் ஓர் அடி, பெரியவர் இறந்துபோனார். 1999இல் விசாரணை நீதிமன்றம் சித்துவை விடுதலை செய்தது. 2006இல் உயர் நீதிமன்றம் 3 ஆண்டு சிறை என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம், சாதாரணக் காயம் ஏற்படுத்திய குற்றம் மட்டும்தான் என்று 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது. அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இறந்தவரின் குடும்பம் விடவில்லை, சீராய்வு கேட்டது. 2022 மே 19 அன்று அதே நீதிமன்றம் ஓராண்டு கடுங்காவல் விதித்தது. உடல்வலுவுள்ள ஒரு விளையாட்டு வீரரின் கையே ஆயுதமாகலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 25 வயதில் ஓங்கிய கைக்காக 58 வயதில் அவர் சிறைக்குப் போனார். இடையில் எம்.பி., அமைச்சர் என்று ஒரு முழு வாழ்க்கையே ஓடியிருந்தது. அந்தக் குடும்பம் 33 வருடம் நீதிமன்றப் படி ஏறியதையும் சேர்த்துத்தான் நான் இதை நினைத்துப் பார்க்கிறேன்.

"தற்காப்புக்காக அடித்தேன்" என்பார்கள். யார் யாரை நோக்கி நடந்து போனார்கள் என்பதுதான் நீதிமன்றத்தின் முதல் கேள்வி. இங்கிலாந்தில் 1996இல் எம்25 நெடுஞ்சாலைச் சந்திப்பு ஒன்றில் 21 வயது இளைஞரைக் கத்தியால் குத்திக் கொன்ற கென்னத் நோய் (Noye) என்பவரும் தற்காப்பு என்றுதான் வாதாடினார். ஜூரி ஏற்கவில்லை. 2000இல் ஆயுள் தண்டனை. "கோபமூட்டினான்" என்பதும் அப்படித்தான். திடீரென்று மூண்ட கடுமையான கோபத்துக்கு இந்தியச் சட்டம் சலுகை தருகிறது, ஆனால் ஹாரன் அடித்தான், ஓவர்டேக் பண்ணினான் என்பதற்கெல்லாம் அந்தச் சலுகையை வாங்கித் தருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம், இன்ஷூரன்ஸ். அது விபத்துக்குத்தான். நீங்கள் வேண்டுமென்றே உடைத்த கண்ணாடிக்கும் அடுத்தவரின் மருத்துவச் செலவுக்கும் உங்கள் பையிலிருந்துதான் பணம் போகும். லைசென்ஸும் போகலாம்: கலிஃபோர்னியாவில் சாலைச் சண்டைத் தாக்குதலுக்கு முதல் தடவை 6 மாதம், இரண்டாம் தடவை ஓராண்டு நிறுத்திவைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிங்கப்பூரிலும் இப்படி ஆளைக் காயப்படுத்தினால் வண்டி ஓட்டத் தடை விதிக்கலாம். இந்தியாவில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் வாங்க நீதிமன்ற அனுமதி கேட்டு நிற்கவேண்டும். சமாதானமாகப் போய்விடலாம் என்றால், சாதாரணக் காயத்துக்கு அடிபட்டவர் ஒப்புக்கொண்டால் போதும், கொடுங்காயம் என்றால் நீதிமன்றமும் அனுமதிக்க வேண்டும். எந்த வழியிலும் அடிபட்டவரின் மனசு இளகவேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். உரசியதும் கதவைப் பூட்டுங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள். யாருக்கும் அடிபட்டிருந்தால் மட்டும் இறங்குங்கள், உதவி செய்யத்தான் அது, உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போலீசைக் கூப்பிடுங்கள். அந்த ஆள் உங்களைத் துரத்தினால் வீட்டுக்குப் போகாதீர்கள், நேரே காவல் நிலையத்துக்கு ஓட்டுங்கள். டேஷ்கேம் பதிவு உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் அழிக்கவோ வெட்டவோ வேண்டாம். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம்.

அந்தப் பல் வழக்கில் அடிபட்டவர் சமாதானத்துக்கு வரவில்லை. இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டோம், மறுத்துவிட்டார். தீர்ப்பு வந்த அன்று, ஜாமீன் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்ததும் என் கட்சிக்காரர் மறுபடியும் அதையே கேட்டார்: "ஆனா தப்பு அவர் மேலதானே சார்?" அன்றைக்குத்தான் முதல் தடவையாக 'அவன்' என்பது 'அவர்' ஆகியிருந்தது. ஆமாம் என்றேன். இண்டிகேட்டர் போடாமல் உள்ளே நுழைந்ததற்கு அவருக்கு அபராதம் விதித்திருந்தார்கள். அதை அவர் சம்பவம் நடந்த அதே வாரம் கட்டிவிட்டார்.

இப்படிக்கு,
உங்களை வராந்தாவில் சந்திக்க விரும்பாத ஒரு வழக்கறிஞர்