சாங்கியின் பெயரைப் படிக்க விடுங்கள்

விமானச் சிமுலேட்டருக்கு காக்பிட் திரைகளை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் போயிங்கைக் கணினியில் இரண்டு ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். எஞ்சின் சத்தமும், சக்கரம் தரையைத் தொடும்போது வரும் குலுக்கலும் அருமை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். வழியைக் காட்டும் வரைபடமான நேவிகேஷன் திரையில் இடங்களின் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

போன சனிக்கிழமை தெம்பனிஸில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அண்ணன் மகனும் நானும் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்குப் பறந்துகொண்டிருந்தோம். ஜொகூர் பக்கம் இறங்கத் தொடங்கியதும் திரையின் தூரத்தை 80 கடல் மைலில் வைத்து, விமான நிலையங்களையும் வானொலி வழிகாட்டிகளையும் காட்டும் இரண்டு பொத்தான்களையும் அழுத்தினேன். "சித்தப்பா, இதுல சாங்கி எது?" என்றான். விரலை வைத்துக் காட்ட என்னால் முடியவில்லை.

எங்கள் தீவு அப்படி. சாங்கிக்கும் பாய லேபார் விமானத் தளத்துக்கும் இடையே சுமார் 5 கடல் மைல்தான். 80 மைல் வட்டத்தில் அது ஆரத்தின் பதினாறில் ஒரு பங்கு. திரையில் பெயராக வரும் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று அந்த இடைவெளியில் அடங்காது. போதாததற்குச் சாங்கி, பாய லேபார், சிலேத்தார், தெங்கா என்ற நான்கு விமான நிலையங்களின் குறியீடுகளும் 'டபிள்யூ எஸ்' என்றே தொடங்குகின்றன. இரண்டு பெயர் ஒட்டிக்கொண்டால் எது எது என்று பிரிக்கவே முடியாது. சாங்கிக்குப் பக்கத்திலேயே தேக்கோங் தீவின் வானொலி வழிகாட்டியான 'வி டி கே' வேறு. எல்லாம் ஒரே வெளிர்நீலம்.

முன்பு கேட்டபோது, ஒரு பொத்தானை அணைத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. சரி, உண்மையான விமானத்திலும் பெயர்கள் சிலநேரம் ஒட்டத்தான் செய்யும். ஆனால் அந்தத் திரை விமானியின் நேர் எதிரே இருக்கிறது. எங்களுக்கோ மானிட்டரின் ஒரு மூலைதான். கணினியில் எழுத்தளவை 150 சதவீதமாக்கினால் பெயர் மட்டும் பெரிதாகிறது, இடத்தைக் காட்டும் குறிக்கும் அதன் பெயருக்கும் நடுவிலுள்ள தூரம் பழையபடியே நிற்கிறது. கோளாறு அங்கேதான் என்று நினைக்கிறேன்: எல்லாப் பெயரையும் குறியின் வலப்பக்கம், மாறாத ஓர் இடத்தில் வரைகிறீர்கள்.

எழுத்தைச் சின்னதாக்க வேண்டாம், இப்போதே கண்ணைச் சுருக்கித்தான் படிக்கிறோம். வரையும் அதே எழுத்துருவில் பெயரின் அகலத்தை அளந்து, ஏற்கெனவே வரைந்த பெயரோடு மோதுகிறதா என்று பாருங்கள். மோதினால் குறியின் அடுத்த மூலைக்கு நகர்த்துங்கள். நான்கு மூலையிலும் இடமில்லையென்றால் குறியை அப்படியே வைத்து, பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள். யாருக்கு முதல் இடம் என்பதுதான் முக்கியம். விமானம் இப்போது போய்க்கொண்டிருக்கும் மெஜந்தா நிறப் புள்ளியின் பெயர் எந்த நிலையிலும் மறையக்கூடாது. அப்புறம் பாதையிலுள்ள மற்றப் புள்ளிகள், இறங்கும் விமான நிலையம். பாய லேபாரும் தெங்காவும் கடைசியில் வரட்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு நொடியும் புதிதாக இடம் தேடினால், விமானம் திரும்பும்போது பெயர்கள் இங்கும் அங்கும் குதிக்கும்; ஒட்டிக்கொள்வதைவிட அது மோசம். ஒரு மூலையில் உட்கார்ந்த பெயர், உண்மையிலேயே மோதும்வரை அங்கேயே இருக்கட்டும்.

சோதித்துப் பார்க்க எங்கள் வானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: வடமேற்கிலிருந்து சாங்கி, 80 மைல், இரண்டு பொத்தானும் அழுத்தியபடி. என் திரைப் படங்களையும் அமைப்புகளையும் கேட்டால் அன்றைக்கே அனுப்புகிறேன். சோதனைப் பதிப்பு வந்தால் முதல் ஆளாக ஓட்டிப் பார்க்கவும் தயார். பையனும் காத்திருக்கிறான்.

அன்புடன்,
தெம்பனிஸிலிருந்து உங்கள் பயனர் ஒருவர்