கனகுவுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள கனகு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பேர் வைத்த செய்தியில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை நன்றாகப் பிடித்திருக்கிறது, சித்தூர்ப் புழையில் தண்ணீர் ஓடுகிறது.

உன் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு ஒன்று, அதாவது ஆரம்ப நிலை என்று வந்ததாம். "ஒரு சொட்டுத் தொட்டதில்லையே" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உங்கப்பா ஞாபகம்தான் வந்தது. சுற்றிலும் கள்ளு இறக்கும் தோப்புகள் உள்ள ஊர். அவர் கல்லீரல் சுருங்கிப்போனபோது, மறைவில் குடித்திருப்பார் என்றே பேசினார்கள். உங்கம்மா காதிலும் அது விழுந்தது. அந்தப் பேச்சை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குடிக்காமலும் கல்லீரல் அப்படிக் கெடும். சர்க்கரை நோய், வயிற்றுச் சதை இவற்றோடு பிறப்பிலேயே வருவதும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் டல்லாஸ் மக்களிடம் செய்த ஆய்வு 2008-ல் அதைக் காட்டியது. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால், அது உண்டாக்கும் புரதத்தின் 148-ஆவது இடத்தில் வேறு அமினோ அமிலம், புரதத்தைக் கட்டும் வேறொரு செங்கல் மாதிரி, வந்து உட்காருகிறது. அதனால் கல்லீரல் செல்லில் சேரும் கொழுப்பு கரைவது தடைப்படுகிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தவர்களுக்கு, மாற்றமே இல்லாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கல்லீரல் கொழுப்பு இருந்தது. உங்கப்பாவுக்கு இது இருந்ததா என்று இனிப் பார்க்க வழியில்லை. ஆனால் குடிதான் காரணம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு மரபணு, டிஎம்6எஸ்எஃப்2. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அதில் மாற்றம் உள்ளவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பை ரத்தத்துக்குச் சரியாக அனுப்புவதில்லை. சந்தைக்குப் போக வேண்டிய மூட்டை குடோனிலேயே தங்கிவிடுகிற மாதிரி. கல்லீரல் கெடுகிறது, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைகிறது, மாரடைப்பு அபாயமும் குறைகிறது! ஆக, கல்லீரலில் கொழுப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்து இதயத்தைப் பற்றி முடிவு கட்ட முடியாது.

அதற்காக நிம்மதியாக இருந்துவிடாதே. நம்மில் பெரும்பாலோருக்கு இது சர்க்கரை, பிரஷர், தொப்பையோடு சேர்ந்தே வருகிறது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் கல்லீரலால் இறப்பவர்களைவிட இதயத்தால் இறப்பவர்கள்தான் அதிகம். எனவே லிப்பிட் (ரத்தக் கொழுப்பு), சுகர், பிரஷர் மூன்றையும் பார். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேள். அப்புறம், கல்லீரலுக்குக் கெடுதல் என்று பயந்து கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்த நினைக்கிறாயே, வேண்டாம். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கும் ஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை பொதுவாகப் பாதுகாப்பானதுதான். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதே.

மரபணுவை மாற்ற முடியாது, சரி. ஆனால் பிஎன்பிஎல்ஏ3 மாற்றத்தின் பாதிப்பு உடல் பருமன் கூடக் கூட அதிகமாகிறது, எடை இறங்கினால் கொழுப்பும் இறங்குகிறது. எண்பது கிலோ என்று எழுதியிருக்கிறாய். ஆறேழு கிலோ குறைத்தாலே நல்ல பலன் தெரியும். பேக்கரி டீயில் சர்க்கரையை நிறுத்து, சாயந்திரம் நட. உன் தம்பியையும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல். அவனும் அதே அப்பாவுக்குப் பிறந்தவன்தானே.

ரிப்போர்ட் வந்ததும் எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், எவ்வளவு என்று எழுது.

உன்
சுப்பிரமணி